எண்பத்திரண்டு கிலோ ஆள்

என் வீட்டுக்காரர் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை ரம்பம் வைத்துப் பாதியாக அறுத்தவர். சைக்கிளில் பத்து நாள் ஊர் சுற்றப் போகும்போது பதினோரு கிராம் மிச்சமாம். இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் எங்கள் மாடிக் குடியிருப்பில் இல்லை. நானும்தான் சிரித்தேன், வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் எரிச்சல் வருகிறது.

அவர் எப்படிப்பட்ட ஆள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை, இருபத்திரண்டு வருஷமாக. வயது நாற்பத்தேழு. எங்கேயாவது லிஃப்ட் நின்றுவிட்டால், என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கும்வரை சாப்பிட உட்காரமாட்டார். உள்ளே மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர்கள் கையைப் பிடித்து நன்றி சொல்வார்கள். இவர் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் கதவின் உருளையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்று சரியாக ஓடவில்லை என்றால் கோளாறு பொருளில்தான் இருக்கும், இது அவருடைய கட்சி. கோளாறு மனுஷனில் இருக்கலாம் என்று அந்த மண்டைக்குள் ஏறவே ஏறாது.

அவருடைய சைக்கிள் நெடுந்தூரம் போவதற்கென்றே செய்தது. முன்னால் இரண்டு பை, பின்னால் இரண்டு பை, அதற்கு மேல் கூடாரம். அவ்வளவு பாரத்தைத் தாங்க சக்கரமும் கனம்தான்: தடித்த ரிம், சக்கரத்துக்கு முப்பத்தாறு கம்பி, கட்டைவிரல் அகலத்துக்கு மேலான டயர். வருஷத்தில் பத்து நாள்தான் மூட்டையோடு பயணம். மற்ற முன்னூற்றுச் சொச்சம் நாளும் அதே சக்கரத்தில்தான் வேலைக்கும் போவார், ஞாயிற்றுக்கிழமை மலையும் ஏறுவார்.

மலைக்குக் கூட வருபவர் பக்கத்துத் தெரு பல் டாக்டர். போன வருஷம் முழுவதும் இவர் மேலே போய் உட்கார்ந்து, காற்று வாங்கி, பழம் தின்று முடித்த பிறகுதான் டாக்டர் மூச்சிரைக்க வந்து சேர்வாராம். இந்த வருஷத் தொடக்கத்தில் இவர் இன்னும் வேகமாக ஏறினார். வீட்டில் ஒரே பெருமை. பிறகு எல்லாம் தலைகீழாகிவிட்டது. டாக்டர் புதிதாக இலகுவான சக்கரம் மாட்டிக்கொண்டு வந்து, இவரைத் தாண்டிப் போய்விட்டார். அடுத்த வாரமும் தாண்டினார். மூன்றாவது வாரம் இவர் பாதி மலையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் செருப்பு வைக்கும் பலகையிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"சக்கரம் இழுக்குது. கனம். வேற ஒண்ணும் இல்ல," என்றார்.

"நேத்து வரைக்கும் இழுக்காத சக்கரம் இன்னைக்கு மட்டும் எப்படி இழுக்கும்?" என்று கேட்டிருக்க வேண்டியவள் நான். கேட்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு செம்பு குடித்தார், இன்னொரு செம்பு கேட்டார்.

இரண்டாவதாக ஒரு ஜோடி சக்கரம், இலகுவாக, வாங்கியே தீர்வது என்று முடிவானது. மூட்டை கட்டும் பத்து நாளுக்குப் பழையது, மற்ற நாளுக்குப் புதியது. கேட்கச் சுலபமாக இருக்கிறது இல்லையா? மூன்று வாரம் எங்கள் சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடம் கிடையாது. கம்பி இருபத்தெட்டா முப்பத்திரண்டா என்று ஒரு நாள். ரிம் எவ்வளவு ஆழம் என்று ஒரு நாள். நடுவிலிருக்கும் ஹப் பழைய சக்கரத்தின் அதே அளவில் அமையவேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் மாற்றும்போதெல்லாம் பிரேக் உரசும் என்று இன்னொரு நாள். பழைய சக்கரம் இரண்டையும் சமையலறைத் தராசில் கவிழ்த்து வைத்து நிறுத்தார். டயரைக் கழற்றி நிறுத்தார். ட்யூபைத் தனியாக நிறுத்தார். எல்லாம் மாற்றினால் தொள்ளாயிரத்து முப்பது கிராம் குறையும் என்று தாளில் எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டார்.

"ஒரு கிலோகூட இல்ல. இதுக்கா இந்தப் பாடு?" என்றேன்.

"சுத்தற இடத்துல குறையற எடை, சும்மா உட்கார்ந்திருக்கற எடை மாதிரி கிடையாது. உனக்குச் சொன்னா புரியாது."

"ஆமா, எனக்கு என்ன புரியும், நான் ஊசி கோக்கறவ."

உண்மைதான். நான் துணிகளைத் திருத்திக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். ஒரு வணிகக் கட்டடத்தின் தரைத்தளத்தில், சாவி வெட்டுகிறவருக்கும் நகலெடுக்கும் கடைக்கும் நடுவில் என் மிஷின். புதுத்துணி தைப்பதில்லை. பெரிதாக இருப்பதைப் பிடிப்பது, சிறிதாகிவிட்டதைப் பிரித்துவிடுவது, ஜிப் மாற்றுவது, இவ்வளவுதான். ஒரு ஆள் கடைக்குள் வந்து நின்றாலே இடுப்பு எத்தனை அங்குலம் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவேன். இதில் எனக்கு ஒரு திமிரே உண்டு.

அந்தத் திமிர் பிடித்தவள்தான் மே மாதம் இவருடைய கால்சட்டைகளை முப்பத்தெட்டிலிருந்து முப்பத்தாறுக்குப் பிடித்தேன். ஜூலையில் முப்பத்து நாலு. செப்டம்பரில் முப்பத்து இரண்டரை. ஒவ்வொரு முறையும் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லையே, ஐயா மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டாரு!" என்று இடுப்பில் ஒரு கிள்ளு வேறு.

வேறு அறிகுறி இல்லாமலா இருந்தது? கொட்டிக் கிடந்தது. இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டார். சைக்கிள் மிதிக்கிறவருக்குப் பசிக்கத்தானே செய்யும் என்றேன். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், வெயில் என்றார். மணிக்கொரு தடவை பாத்ரூம் போனார். அவ்வளவு தண்ணீர் குடித்தால் போகாமல் என்ன என்றேன். ரிம்மில் பொடியாக எழுதியிருப்பது மங்கலாகத் தெரிகிறது என்று புதுக்கண்ணாடி போட்டார். வயசாச்சு இல்ல என்று கேலி செய்தேன். ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு பதில் தயாராக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அவருக்கு அரைநாள் வேலை. மதியம் கம்பெனி வேனிலேயே பழைய சக்கரம் இரண்டையும் போட்டுக்கொண்டு என் கடை வாசலுக்கு வந்தார். சக்கரம் கட்டித் தருகிற ஓர் அம்மாவிடம் போகவேண்டும், நீயும் வா என்றார். அளவெல்லாம் முடிவாகிவிட்டது; கம்பி எண்ணிக்கையை அந்த அம்மாவிடம் கேட்டு ஆர்டர் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. மறுநாள் ஞாயிறு, வழக்கம்போல மலை. சரி, மூன்று வாரக் கூத்து இன்றோடு முடிகிறதே என்று நானும் கடையைச் சாத்திவிட்டு ஏறிக்கொண்டேன்.

சக்கரக்காரம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி, விரல் நுனியெல்லாம் கறுப்பு. பட்டறையில் சுவர் முழுக்க வெறும் ரிம்கள் தொங்கின. நடுவில் ஒரு தாங்கியில் பாதி கட்டிய சக்கரம். அந்த அம்மா அதைச் சுழற்றிவிட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டி ஓசை கேட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒரு நோட்டை எடுத்தார்.

"சக்கரம் எதுக்குன்னு போன்ல சொல்லிட்டீங்க. ஆள் எடை என்ன?"

"எண்பத்திரண்டு," என்றார் இவர், கேள்வி முடிவதற்குள்.

அந்த அம்மா கண்ணாடிக்கு மேலாக இவரைப் பார்த்தார். மூலையில் தரையோடு கிடந்த எடைப் பலகையைக் காட்டினார். "அதுல ஏறுங்க. தப்பா நினைக்காதீங்க, யாரு வந்தாலும் ஏத்திப் பாத்துத்தான் கம்பி எண்ணிக்கை முடிவு பண்ணுவேன். எடை கேட்டா எல்லாருமே பொய் சொல்வாங்க."

இவர் சிரித்துக்கொண்டே ஏறினார். காலில் ஷூ, இடுப்பில் கருவிப் பை.

அறுபத்தாறு புள்ளி ஒன்று.

"இத்தனை வருஷத்துல எல்லாரும் குறைச்சுத்தான் சொல்வாங்க. கூட்டிச் சொன்ன முதல் ஆள் நீங்கதான்," என்றார் அந்த அம்மா.

"மிஷின் கோளாறு," என்றார் இவர். உடனே குனிந்து பலகையின் நான்கு காலையும் ஆட்டிப் பார்த்தார். ஒரு காலைத் திருகி மட்டம் பார்த்தார். கருவிப் பையைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். அறுபத்து நாலு புள்ளி இரண்டு. "பேட்டரி வீக்கா இருக்கும்," என்றார். அந்த அம்மா புதுப் பேட்டரி எடுத்துக் கொடுத்தார். அறுபத்து நாலு புள்ளி இரண்டு.

இந்த மனுஷன் அத்தோடு விடுவாரா! வேனில் லிஃப்டைச் சோதிக்கிற எடைக்கல் கிடக்கிறது. ஒவ்வொன்றும் இருபது கிலோ வார்ப்பிரும்பு, முத்திரை குத்தியது. லிஃப்ட் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அதை அடுக்கித்தான் பார்ப்பார்கள். "இப்பப் பாருங்க," என்று போய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்.

இருபது புள்ளி பூஜ்யம்.

இரண்டாவதைக் கொண்டுவந்தார். நாற்பது புள்ளி பூஜ்யம். மூன்றாவதைத் தூக்கி வரும்போது உதடு வெளுத்திருந்தது. வைத்தார். அறுபது புள்ளி பூஜ்யம். பலகையில் ஒரு குறையும் இல்லை என்று அவருடைய கல்லே சாட்சி சொல்லிவிட்டது.

மூன்றையும் கீழே இறக்கிவிட்டுத் திரும்ப ஏறினார். அதே அறுபத்து நாலு புள்ளி இரண்டு. இவர் இறங்கி, அந்த எடைக்கல் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"லிஃப்டுல ஒரு ஆளுன்னா அறுபத்தெட்டு கிலோன்னு கணக்கு," என்றார், என்னைப் பார்க்காமல். "நான் ஒரு ஆள்கூட இல்லையே."

பதினெட்டு கிலோ! தொள்ளாயிரம் கிராமுக்கு மூன்று வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம், பதினெட்டு கிலோ எங்கள் வீட்டிலிருந்து காணாமல் போயிருக்கிறது. பட்டறை வெளிச்சத்தில் அப்போதுதான் அவரைப் பார்த்தேன். இத்தனை மாதமும் நான் பார்த்தது கால்சட்டையைத்தான். கன்னம் உள்ளே போயிருந்தது. சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் என் கையே போகும். பெல்ட்டில் ஆணியால் புதிதாகக் குத்திய மூன்று ஓட்டை. ஐயோ, நான் என்ன குருடியா?

"நீங்க எப்ப கடைசியா எடை பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம் முன்னாடி. கம்பெனி செக்கப்புல." அதற்குப் பிறகு தினமும் எதையாவது நிறுத்துக்கொண்டேதான் இருந்தார், தன்னைத் தவிர.

சக்கரக்காரம்மா நோட்டை மூடினார். "வந்து அரைமணி நேரத்துல ரெண்டு பாட்டில் தண்ணி குடிச்சிட்டாரு, கவனிச்சீங்களா? கிட்ட வந்தா வாயில அழுகின பழ வாசனை வருது. என் தம்பிக்கு இப்படித்தான் ஆரம்பிச்சது. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"திங்கட்கிழமை போறேன். இப்ப ரிம்மை முடிவு பண்ணிடலாம். இருபத்தெட்டு கம்பியா, முப்பத்திரண்டா..."

"முப்பத்திரண்டும் ஆச்சு, மண்ணாங்கட்டியும் ஆச்சு! எழுந்திரிங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் சுவரில் தொங்கிய ரிம் அதிர்ந்திருக்கும். அவர் எழுந்த விதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. சண்டை போடாமல், பதில் பேசாமல், சொன்ன பேச்சு கேட்டு எழுந்தார். கல்யாணமான இருபத்து நாலு வருஷத்தில் அப்படி எழுந்ததே இல்லை. வேனைச் சக்கரக்காரம்மாதான் ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். கையடக்கக் கருவியில் வைத்தார். அதில் எண் வரவில்லை. அளவு தாண்டிவிட்டது என்பதற்கான எழுத்துதான் வந்தது. "எவ்வளவு?" என்று இவர் எட்டிப் பார்த்தார். "இதுக்கு மேல இந்த மிஷின் காட்டாது சார்," என்றார் நர்ஸ். இவர் அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அடுத்த ஐந்து நிமிஷத்தில் இரண்டு கையிலும் ஊசி, இரண்டு பக்கமும் பாட்டில்.

டாக்டரம்மா சின்ன வயசுதான், என் மகளாக இருக்கலாம். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சர்க்கரை நோய். உடம்பில் இன்சுலின் சுரப்பதே ஏறக்குறைய நின்றுவிட்டது. சாப்பிடுவது எதுவும் உடம்பில் சேராமல், உடம்பு தன் கொழுப்பையும் தசையையுமே கரைத்துத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. அதனால் ரத்தத்தில் அமிலம் ஏறிப் புளித்துப்போயிருக்கிறது.

"நாளைக்கு எங்கயாவது வெளிய போறதா இருந்தாரா?"

"மலைக்கு. சைக்கிள்ல. போய்வர நாப்பது கிலோமீட்டர்."

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டார். "போயிருந்தா வழியிலயே நினைவு தப்பியிருக்கும். கிடைச்சிருக்க மாட்டாரும்மா," என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். எப்போதிருந்து இளைக்கிறார், தேதி ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். என் கைப்பையில் கடை அளவுப் புத்தகம் இருந்தது. எடுத்துப் பிரித்துக் கொடுத்தேன். மே பன்னிரண்டு, முப்பத்தெட்டு முப்பத்தாறு ஆக. ஜூலை மூன்று, முப்பத்து நாலு. செப்டம்பர் ஒன்பது, முப்பத்து இரண்டரை. எல்லாம் என் கையெழுத்து. டாக்டரம்மா நகலெடுத்துக் கோப்பில் சேர்த்துக்கொண்டு, "இவ்வளவு சரியா யாருமே எழுதி வைக்க மாட்டாங்க," என்றார். பாராட்டாகத்தான் சொன்னார், பாவம். எனக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது. வெளியே போய், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று வாய்விட்டு அழுதேன்.

இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். பல் டாக்டர் வந்து பார்த்தார். "நான் சக்கரத்தாலதான் ஜெயிச்சேன்னு நினைச்சேன்," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். இன்சுலின் ஊசியை எப்படிப் போட்டுக்கொள்வது என்று இவர் ஒரே தடவையில் கற்றுக்கொண்டார். ஊசி எத்தனை கிராம் என்றுகூடக் கேட்டார். போன எடை திரும்புமா என்று நான் கேட்டதற்கு, "கொஞ்சம் கொஞ்சமா ஏறும். முழுசா ஏறுமான்னு இப்பவே சொல்ல முடியாது," என்றார் டாக்டரம்மா.

நாலாம் நாள் காலை சக்கரக்காரம்மா போன் செய்தார். இவர் ஸ்பீக்கரில் போட்டார். உடம்பை விசாரித்துவிட்டு, "ஆர்டர் எதுவும் எழுதல. விட்டுடலாமா, இல்ல நிறுத்தி வைக்கவா?" என்று கேட்டார்.

"எதுக்கு விடணும்?" என்றார் இவர். தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணில் பழைய வெளிச்சம். "இப்ப நான் அறுபத்து நாலுதானே. முன்னாடி இருபது கம்பி, பின்னாடி இருபத்து நாலு போதும் இல்ல? ரிம்மும் இன்னும் மெல்லிசா போடலாம். கணக்குப் பாத்துட்டேன், இன்னும் இருநூத்தம்பது கிராம் மிச்சம் ஆகுது!"

சாவின் வாசல்வரை போய்த் திரும்பிய மனுஷன், போன பதினெட்டு கிலோவைச் சக்கரத்துக்கு லாபமாக எழுதிக்கொண்டிருக்கிறார்! போனைப் பிடுங்கினேன்.

"அம்மா, எண்பத்திரண்டு கிலோ ஆளுக்குக் கட்டுங்க. முப்பத்திரண்டு கம்பி. ஒரு கம்பி குறைஞ்சாலும் நான் சும்மா விடமாட்டேன், உங்களையும் சேர்த்துத்தான்!"

இவர் சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. தன் இரண்டு மணிக்கட்டையும் போர்வை மேல் வைத்து, மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுக்குத் திரும்ப வருவேனா?" என்று கேட்டார்.

அந்தக் கம்பிக் கணக்கெல்லாம் பயத்தில் போட்ட கணக்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். போனில் பேனா கீறுகிற சத்தம் கேட்டது. "ஆள் எடை எண்பத்திரண்டு, முப்பத்திரண்டு கம்பி. எழுதிட்டேன்மா," என்றார் சக்கரக்காரம்மா.

"வந்துதான் ஆகணும்," என்றேன் இவரிடம். "ஆர்டர் கொடுத்தாச்சு."